இரும்பு மாமாவின் காது

"மேடம், நம்ம இரும்பு மாமாவுக்குக் காது போயிடுச்சு!"

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்து குண்டைத் தூக்கிப் போட்டார் டைப்பிஸ்ட் அண்ணன்.

நாற்காலியில் பாதி உட்கார்ந்திருந்த தெரு மேடம், மீதியை உட்காரவில்லை.

"எந்தக் காது?"

"எந்தக் காதா இருந்தா என்ன மேடம், ரெண்டும் இரும்புதானே?"

"விளையாடாதீங்க அண்ணே. பெஞ்சுப் பக்கம் சாஞ்சிருக்குமே, அந்தக் காதா?"

"அதேதான். லாரிக்காரன் ரிவர்ஸ் எடுத்திருக்கான். பின்னாடி நின்னு வா வான்னு கை காட்டினவன் நில்லுன்னு சொல்ல மறந்துட்டான். இந்தாங்க."

கைக்குட்டையில் சுற்றியிருந்த காதை மேஜைமேல் வைத்தார். சின்னக் கிண்ணம் மாதிரி இருந்தது. தெரு மேடம் அதைக் கையில் எடுத்தாள். கனத்தது. காதைவிட நெஞ்சு அதிகம் கனத்தது.

மாநகராட்சியில் தெருக்களுக்கு அழகூட்டும் பிரிவு என்று ஒன்று உண்டு. பிரிவு என்றால் அவள், டைப்பிஸ்ட் அண்ணன், கதவு சரியாகச் சாத்தாத ஒரு பீரோ. அதனால் ஆபீஸ் முழுக்க அவளுக்குத் தெரு மேடம் என்றே பெயர். அந்தப் பிரிவு பிறந்ததிலிருந்து உருப்படியாகச் செய்த காரியமும் ஒன்றே ஒன்றுதான். இரும்பு மாமா.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு நீளமான கல் பெஞ்சு. அதன் ஒரு கோடியில் ஆள் உயரத்துக்கு, அசல் ஆள் மாதிரியே ஓர் இரும்பு மனிதர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். மீதி பெஞ்சு காலி. அந்தக் காலி இடத்தை நோக்கித் தலையைச் சாய்த்து, "ம்... அப்புறம்?" என்று கேட்கிற பாவனை. செய்த சிற்பி அதற்கு ஏதோ பெரிய பெயர் வைத்திருந்தான். தெரு அதைச் சட்டை செய்யாமல் இரும்பு மாமா என்று கூப்பிட்டது.

வந்த ஓவியம், சிற்பம், வளைவு, நீரூற்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, இதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். வைத்த புதிதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. பத்திரிகை சிரித்தது. கவுன்சிலர் சிரித்தார். விளக்குப் போடுகிற நேரத்திலிருந்து கடை அடைக்கிற நேரம் வரை யாராவது உட்காருகிறார்களா என்று ஆள் வைத்து எண்ணச் சொன்னார்கள்.

"யாரும் உக்காரலைன்னா பொம்மையைத் தூக்கிடுவாங்க, என்னையும் சேர்த்துத் தூக்கிடுவாங்கப்பா" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் அழுதாள். அப்பா எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவுதான். அம்மா போனதிலிருந்து அவர் பேச்சு அவ்வளவுதான். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவர் வாயைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டால் மற்றவர் யாரோடு பேசுவது?

அப்படிப்பட்ட அப்பாவை ஒருநாள் சாயங்காலம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரும்பு மாமாவின் பக்கம் முழுசாகத் திரும்பி, அந்தச் சாய்ந்த காதருகே முகத்தை நீட்டி, கையை ஆட்டி ஆட்டி, ஏதோ பேசிக்கொண்டிருந்தார்!

பஸ் நகர்ந்துவிட்டது. தெரு மேடம் பெஞ்சு மறையும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாளும் பார்த்தாள். அதற்கடுத்த நாளும். மழை நாளில் குடையோடு உட்கார்ந்திருந்தார். ஒருமுறைகூட அவள் இறங்கிக் கிட்டே போனதில்லை. பெற்ற மகளிடம் சொல்ல முடியாததை ஓர் இரும்பிடம் சொல்கிறார் என்றால், அது அவருக்கும் போய்ச் சேர்ந்த அம்மாவுக்கும் நடுவில் உள்ள சமாசாரம். நடுவில் போய் நிற்க அவள் யார்?

அன்று முதல் அவர் வீடு திரும்பும்போது அவள் பேச்சுக் கொடுப்பதையும் விட்டுவிட்டாள். பேச வேண்டியதையெல்லாம் அங்கே பேசித் தீர்த்துவிட்டு வருகிறவரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்? தட்டில் சாப்பாட்டைப் போட்டு மூடி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள். அவர் தனியாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும். வருஷக் கணக்காக இப்படித்தான்.

இப்போது அந்தக் காது கைக்குட்டையில் கிடக்கிறது.

காது இல்லாத ஆளிடம் அப்பா எப்படிப் பேசுவார்?

"அண்ணே, இன்னிக்கே குறிப்பு எழுதணும். காதை ஒட்டறதுக்கு."

"பசை வாங்கி நானே ஒட்டிடறேனே மேடம்?"

"அரசாங்கக் காது அண்ணே. முறையா ஒட்டணும்."

முறை. அங்கேதான் பிடித்தது சனி.

*

ஆணையர் குறிப்பைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"தெருக்கலைப் பராமரிப்பு... இப்படி ஒரு தலைப்பு நம்ம பட்ஜெட்ல இருக்காம்மா?"

"இருக்கு சார். சின்னத் தொகைதான்."

"இத்தனை வருஷமா என் கண்ணுல படவே இல்லையே!"

படாமல்தான் அது பிழைத்திருந்தது. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு வரியாக மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்தது. ஒரு காதுக்காக இன்று தலையை வெளியே நீட்டிவிட்டது.

"ரோடு பூரா பள்ளம். ஜனங்க என்னைத் திட்டறாங்க. நீங்க பொம்மைக்குக் காது வேணும்னு வந்து நிக்கறீங்க. யாருக்கும்மா காது குத்தறீங்க?"

"குத்தலை சார். ஒட்டணும்."

வெளியே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆணையர் சிரிக்கவில்லை.

"பள்ளத்தை மூடவே காசு இல்லை."

"பள்ளத்துல விழுந்தவன் எழுந்து எங்கயாவது கொஞ்சம் உக்காரணும்ல சார்? பக்கத்துல ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்ல?"

"பெஞ்சு இருக்கே, போதாதா? பக்கத்துல எதுக்குப் பொம்மை? அதனால யாருக்கு என்ன லாபம், சொல்லுங்க."

என் அப்பாவுக்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். அதிகாரியின் அப்பாவுக்காக ஊர் வரிப்பணத்தில் ஒரு பொம்மை என்று நாளைக்குப் பத்திரிகையில் வரும்.

"தினமும் ஆள் உக்கார்றாங்க சார். கணக்கெடுப்புலயே இருக்கு."

"எத்தனை பேர்?"

"...ஒருத்தர்."

ஆணையர் பேனாவைத் திறந்தார். தெருக்கலை என்ற தலைப்பின் குறுக்கே ஒரு கோடு. "இந்தத் தலைப்பே வேண்டாம். மாசக் கடைசிக்குள்ள பொம்மையைப் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க. போறப்போ கதவைச் சாத்திட்டுப் போங்கம்மா."

காதுக்காகப் போனவள் தலையையே கொடுத்துவிட்டு வந்தாள்.

*

"அழாதீங்க மேடம்" என்றார் டைப்பிஸ்ட் அண்ணன். "வழி இருக்கு. ஒரே ஒரு எழுத்து."

"என்ன எழுத்து?"

"தெருக்கலைன்னு எழுதினாத்தானே வெட்டறாங்க? சின்ன ல-வுக்குப் பதிலா குண்டு ள போடுங்க. தெருக்களை. களை பிடுங்கற தலைப்பு. அதுல பணம் கொட்டிக் கிடக்கு. கலைக்குக் காசு எதுக்குன்னு ஊரே கேக்கும். களைக்கு ஏன்னு ஒரு பய கேக்க மாட்டான்."

"தப்பில்லையா அண்ணே?"

"சொல்லிப் பாருங்க. தெருக்கலை. தெருக்களை. ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

"நல்லாவே தெரியுது."

"எனக்குத் தெரியலை. எங்க வீட்டுல பல்லியும் பள்ளியும் ஒண்ணுதான். நாளைக்கே யாராவது கேட்டா டைப்பிஸ்ட்டுக்கு நாக்கு சரியில்லைன்னு சொல்லிடுங்க. உண்மைதானே?"

இருபத்துச் சொச்சம் வருஷ சர்வீஸில் தெரு மேடம் ஒரு கமாவைக்கூடத் திருட்டுத்தனமாக வைத்தவள் இல்லை. ஆனால் கைக்குட்டைக்குள்ளிருந்து அந்தக் காது அவளையே கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"அடிங்க" என்றாள்.

'தெருக்களை, இனம் ஒன்று, பஸ் நிறுத்தம் எதிரே. உடனடி நடவடிக்கை தேவை' என்று காகிதம் போயிற்று. உடனடி என்ற சொல்லை அவள்தான் கையால் சேர்த்தாள். காது ஆறிப்போய்விடக் கூடாதே என்ற கவலை.

ஆணையர் கையெழுத்துப் போடும்போது ஒரு விநாடி நிறுத்தினாராம். தெருக்களை அகற்றுதல் என்று தலைப்பில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, தெருவையே அகற்றப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டு போட்டுவிட்டாராம்.

டைப்பிஸ்ட் அண்ணன் வெற்றியோடு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். தெரு மேடம் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள். அந்த ஆபீஸில் உடனடி என்று போட்ட எந்த வேலையும் உடனடியாக நடந்ததாகச் சரித்திரம் கிடையாது.

இது நடந்தது.

காலையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது போன். களை பிடுங்குகிற ஆட்களின் மேஸ்திரி.

"மேடம், உங்க களை ரொம்பக் கெட்டியா இருக்கு. மருந்து அடிச்சுப் பார்த்துட்டோம், வாடலை. வேர் கல்லுக்குள்ள எறங்கியிருக்கு. மிஷின் எடுத்துக்கலாமா?"

சீப்பு தலையிலேயே நின்றது.

*

ஆட்டோவிலிருந்து அவள் குதித்தபோது இரும்பு மாமாவின் கால்களைச் சுற்றிக் கல் பெயர்ந்து கிடந்தது. களைக்கொல்லி அடித்ததில் முகமெல்லாம் நனைந்து, மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அவர் அழுகிற மாதிரிதான் தெரியும்.

"நிறுத்துங்க! யார் எடுக்கச் சொன்னது?"

"நீங்கதான்" என்றார் மேஸ்திரி. "இந்தா இருக்கு பேப்பர். இனம் ஒன்று. உடனடி."

"இது களை இல்லைங்க. கலை!"

"அதைத்தான் நானும் சொல்றேன். களை."

"கலை! நாக்கை மடிக்காதீங்க! ல... ல... பல்லுக்கிட்ட வைங்க நாக்கை!"

"ள" என்றார் மேஸ்திரி, வெகு பிரயத்தனப்பட்டு.

பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் தன்னையறியாமல் நாக்கைப் பல்லில் வைத்துப் பார்த்துக்கொண்டது. பெஞ்சை ஒட்டி, இரும்பு மாமாவின் தோளுக்குப் பின்னால் கூண்டு மாதிரி ஒரு சாவிக்கடை. அதன் சொந்தக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஏன் மேஸ்திரி, உங்க கண்ணுக்கு இது பொம்மைன்னு தெரியலையா?" என்று கேட்டாள் தெரு மேடம்.

"தெரியாம என்ன மேடம்? ஆனா பேப்பர்ல களைன்னு இருக்கு. நான் கண்ணைப் பார்த்து வேலை செய்யறதா, பேப்பரைப் பார்த்து வேலை செய்யறதா? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

அதற்குள் கடைசி ஆணியும் கழன்றுவிட்டது. நான்கு பேர் இரும்பு மாமாவைத் தூக்கினார்கள். கால்மேல் கால் போட்டபடியே, தலையைச் சாய்த்தபடியே அவர் வண்டியில் மல்லாந்தார். வானத்தைப் பார்த்து "ம்... அப்புறம்?" என்று கேட்கிற மாதிரி இருந்தது.

"எங்கய்யா கொண்டு போறீங்க?" என்றார் சாவிக்கடைக்காரர்.

"எரிக்கிற கிடங்குக்கு."

"இரும்பு எரியுமா?"

"எரியலேன்னா உடைக்கச் சொல்லுவாங்க."

தெரு மேடம் வண்டியின் முன்னால் போய் நின்றாள். தலை பாதி வாரியபடி இருந்தது. சாயங்காலம் அப்பா வருவார். காலி பெஞ்சைப் பார்ப்பார். அம்மாவை ஒருமுறை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவர். மறுபடி ஒருமுறையா?

"வண்டியை என் வீட்டுக்கு விடுங்க."

"வீட்டுக்கா? களையை வீட்டுக்கா?"

"என் பொறுப்பு. ரெண்டு நாள்ல பேப்பரைச் சரி பண்ணிடறேன்."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "கையெழுத்துப் போட்டுக் குடுங்க மேடம். நாளைக்கு என்மேல பழி வரக் கூடாது பாருங்க."

களை ஒன்று பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இரும்பு மாமா லிஃப்டில் நுழையவில்லை. மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏற்றினார்கள். எதிரே இறங்கிய கீழ்வீட்டம்மா ஒதுங்கி நின்று, "விருந்தாளியாம்மா? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

*

சோபாவில் இடம் போட்டு உட்காரவைத்து, களைக்கொல்லி போகத் துடைத்து, கடையில் வாங்கிய ஒரு ட்யூப் பசையால் காதைத் தானே ஒட்டினாள். கொஞ்சம் கோணலாக ஒட்டிக்கொண்டது. ஒரு ட்யூப் பசை. இதற்குத்தான் இத்தனை கலாட்டா.

அப்பா படுக்கையறையிலிருந்து வெளியே வந்தார். நின்றார். இரும்பு மாமாவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"யார் வந்திருக்காங்க பாருங்கப்பா" என்றாள் தெரு மேடம்.

"இவர் எதுக்கு இங்க வந்தார்?"

"கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டுமேன்னு..."

"காது சரியில்லையோ?"

"ஆமாம்ப்பா. இப்ப ஒட்டியாச்சு."

"ஆபீஸ்ல தெரியுமா?"

"ம்."

"பெஞ்சு?"

"பெஞ்சு அங்கயேதான் இருக்கு."

"ஓ" என்றார் அப்பா.

வருஷக் கணக்கில் அவர்கள் பேசிக்கொண்ட மிக நீண்ட உரையாடல் அதுதான். தெரு மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொம்மை வந்த வேளை, அப்பாவின் வாய் திறந்துவிட்டது! இனி தான் குறுக்கே இருக்கக் கூடாது. "எனக்கு அடுப்படியில வேலை இருக்குப்பா" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காதைக் கதவில் வைத்தாள்.

சத்தமே இல்லை.

பிறகு ஒரு சத்தம். வாசல் கதவு.

ஓடி வந்து பார்த்தாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா?"

"சும்மா. காலாற."

விளக்குப் போடுகிற நேரம். இரும்பு மாமா சோபாவில் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். அப்பா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படி இறங்கிப் போனார். கடை அடைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பி வந்தார். வந்து, மூடி வைத்த தட்டைத் திறந்து சாப்பிட்டு, கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

*

மறுநாள் ஆணையர் மேஜைமேல் மேஸ்திரியின் ரசீது கிடந்தது.

"உக்காருங்கம்மா. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். இதுல எழுதியிருக்கறது குண்டு ள-வா, சின்ன ல-வா?"

தெரு மேடம் ரசீதில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"களைன்னா, எரிக்கச் சொன்னதை எரிக்காம விட்டீங்க. கவனக்குறைவு. ஒரு மெமோ குடுத்து எச்சரிச்சு விட்டுடலாம். கலைன்னா, அரசாங்கச் சொத்தை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கீங்க. திருட்டு. வேலையை விட்டே நிறுத்தி வெச்சு விசாரிக்கணும்." கொஞ்சம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனிதர் இல்லை அவர். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. டைப்பிஸ்ட்டுக்கு நாக்கு சரியில்லைன்னு நானும் கேள்விப்பட்டிருக்கேன். களைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முடிச்சுடலாம்."

ஒரே ஒரு எழுத்து. நாக்கைக் கொஞ்சம் மடித்தால் போதும். பென்ஷன், நாற்காலி, கதவு சாத்தாத பீரோ எல்லாம் மிஞ்சும்.

எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் சிற்பியின் பட்டறையில் அந்தச் சாய்ந்த தலையை முதன்முதலில் பார்த்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அம்மாவின் காரியமெல்லாம் முடிந்த சமயம். பட்டறையில் வேறு யாரும் இல்லை. அந்த இரும்பின் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு எழுந்திருந்தாள். அதனால்தானே இதுவே வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்?

"கலை சார்" என்றாள்.

"நல்லா யோசிச்சீங்களாம்மா?"

"திருட்டுன்னே எழுதிக்குங்க. ஆனா சின்ன ல போட்டு எழுதுங்க."

*

வேலை போனதை அவள் வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உங்களுக்காகத்தான் போச்சு என்றா? காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஏதாவது நூலகத்தில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வழக்கம்போல் திரும்பினாள்.

அப்பாவும் வழக்கம்போல் கிளம்பிப் போனார். வழக்கம்போல் வந்தார். பேச்சும் பழையபடி பூட்டிக்கொண்டது.

சாயங்காலங்களில் தெரு மேடமும் இரும்பு மாமாவும் மட்டும் வீட்டில். முதல் நாள் அவள் அவரைத் தூசி தட்டினாள். அடுத்த நாள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தாள். அதற்கடுத்த நாள், காது கோணலாக ஒட்டிய பக்கமாகத் தள்ளி உட்கார்ந்து, "உங்களைத் திருடினதா என்மேல கேஸ். தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தது நிற்கவில்லை. ஆபீஸ், பென்ஷன், அம்மா, அமையாமல் போன கல்யாணம், மூடி வைத்த தட்டு. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவசரமே இல்லை அவருக்கு.

"நல்லாத்தான் கேக்கறீங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்புறம் எங்கப்பா மட்டும் ஏன் உங்களை விட்டுட்டுப் போறார்? என் வீட்டுல உக்காந்து பேச அவருக்குப் பிடிக்கலையா?"

இரும்பு மாமா அதற்குப் பதில் சொல்லவில்லை. கேட்பது மட்டும்தான் அவர் வேலை.

கேள்வி அவளைக் குடைந்தது. ஒருநாள் அப்பா படி இறங்கிய பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

பெஞ்சு இருந்தது. ஒரு கோடியில் நாலு ஆணி ஓட்டை. பள்ளிப் பையை மாட்டிய ஒரு பெண் அந்த ஓட்டைகளை நின்று பார்த்துவிட்டு நடந்தாள். வேலை முடிந்து வந்த ஓர் ஆள் பழக்கத்தில் இரும்பு மாமாவின் தோள் இருந்த இடத்தில் கையை வைக்கப் போய், காற்றில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டான். இவர்களெல்லாம் கணக்கெடுப்பில் வரவே இல்லை.

மறு கோடியில் அப்பா. நிமிர்ந்து, கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் திடீரென்று வழக்கமான அந்தப் பக்கமே திரும்பினார். முகத்தை நீட்டினார். கையை ஆட்டி என்னவோ பேசினார். இல்லாத இரும்பு மாமாவிடம்!

அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

பஸ் ஒன்று வந்து மறைத்தது. அந்த மறைவில் தெருவைக் கடந்து, சுற்றிக்கொண்டு, சாவிக்கடையின் பின்பக்கமாகப் போனாள். சாவிக்கடைக்காரர் அரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அட, வாங்க மேடம். களை மேடம்தானே நீங்க? பொம்மை எப்ப வரும்?"

"வரும்... அண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்தப் பெஞ்சுல இருக்கற பெரியவர் தினமும் வர்றார்ல?"

"நாள் தப்பாது. பொம்மை வெச்ச புதுசுலேருந்து. உங்க ஆபீஸ்லதான் அவர் பொண்ணு வேலை பாக்குதாம். யாருன்னு எனக்குத் தெரியாது."

"பொம்மைதான் இப்ப இல்லையே. அப்புறமும் ஏன் வர்றார்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். பொம்மை இல்லாதப்பதான் கண்டிப்பா ஆள் இருக்கணுமாம்."

அவளுக்குப் புரியவில்லை. "பொம்மைகிட்ட அவர் என்ன பேசுவார் அண்ணே? இத்தனை வருஷமா? பக்கத்துல இருக்கீங்களே, காதுல விழுந்திருக்குமே?"

சாவிக்கடைக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பொம்மைகிட்டயா! பொம்மைக்குப் பின்னாடி இருக்கற என்கிட்டதாம்மா பேசுவார். 'என் பொண்ணு வெச்ச பெஞ்சு, ஆள் இல்லைன்னு எழுதிட்டா அவ வேலை போயிடும், அதுக்குத்தான்யா உக்காந்திருக்கேன், நீ எப்பய்யா கடையைக் கட்டுவே, வீட்டுல புள்ள தனியா இருக்கா'ன்னு தினமும் என் உயிரை எடுப்பாரு."